முதலாம் பிள்ளையின் அம்மா

ரொறன்ரோவுக்கு வந்து சில வருடங்களாக பிஸ்கட் பெட்டிகளுக்கு லேபல் ஒட்டிக்கொண்டிருந்த எனக்கு மறுபடியும் ஒரு வகுப்பறை கிடைத்தது. ஒரு வருடத்துக்கு மட்டும். கணிதம் படிப்பித்த ஆசிரியை பிள்ளைப்பேற்று விடுப்பில் போயிருந்தார். அரசுப் பாடசாலை என்றால் என்னை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள். இங்கத்தைய ஆசிரியர் சான்றிதழ் என்னிடம் இல்லை. இது தனியார் பாடசாலை. நகரத்தின் நடுவில், ஒரு பழைய தேவாலயத்தோடு ஒட்டிய செங்கல் கட்டடம். பழைய ஆங்கிலேய முறையில் நடத்துகிறோம் என்று வாசல் பலகையிலேயே எழுதியிருந்தார்கள். கழுத்துப்பட்டி, பிள்ளைகளைப் பிரித்துப் போட நான்கு இல்லங்கள், மாணவத் தலைவர்கள், லத்தீன், காலையில் பிரார்த்தனைக் கூட்டம், கறுப்பு அங்கி போட்ட அதிபர். ஒன்றும் குறைவில்லை.

நேர்முகத்தில் அதிபர் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். வகுப்பை எப்படி அடக்கி வைத்திருப்பீர்கள்? நான் அடக்குவதில்லை என்றேன். நான் உள்ளே போனால் எழும்பி நிற்பார்கள், இருக்கச் சொன்னால் இருப்பார்கள், அதற்குப் பிறகு நான் கணக்குப் படிப்பிப்பேன். மனிதருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவர் தேடிக்கொண்டிருந்த இங்கிலாந்து இவ்வளவு காலமும் யாழ்ப்பாணத்தில் இருந்தது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

முதல் நாள் ஏழாம் வகுப்புக்குள் நுழைந்தேன். பிள்ளைகள் அத்தனை பேரும் எழும்பி நின்றார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதைக் காட்டிக்கொள்ளக் கூடாது என்று, கதிரையைச் சத்தமில்லாமல் தூக்கி வைக்கத் தெரியாதா என்று ஏசினேன். அன்றிலிருந்து அவர்களுக்கு என்னிடம் பயம். நானும் சந்தோஷமாக இருந்தேன். ஒளிப்பானேன், எனக்கு இப்படிப்பட்ட பள்ளிக்கூடம்தான் பிடிக்கும். வந்த பிள்ளைக்கெல்லாம் கெட்டிக்காரன் என்று நட்சத்திரம் ஒட்டி அனுப்புகிற பள்ளிக்கூடங்களைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும்.

இங்கே நட்சத்திரம் கிடையாது. ஒவ்வொரு தவணை முடிவிலும் எல்லோரையும் மண்டபத்தில் கூட்டி, வகுப்பு வகுப்பாக, முதலாவதாக வந்தவரிலிருந்து கடைசியாக வந்தவர் வரை அதிபர் பெயர்களை வாசிப்பார். கேட்டபோது எனக்கு ஊருக்கே போய்வந்தது போலிருந்தது. எங்கள் பக்கத்தில் இதற்கென்றே ஒரு கேள்வி உண்டு. கலியாண வீட்டில், பஸ்ஸில், கோயில் வீதியில், பிள்ளையைக் கண்ட உடனே பெரியவர்கள் கேட்பார்கள்: "எத்தனையாம் பிள்ளை?" வகுப்பில் எத்தனையாவதாக வந்தாய் என்று அர்த்தம். முதலாம் பிள்ளை என்றால் கன்னத்தில் தட்டுவார்கள். பத்தாம் பிள்ளை என்றால் பெற்றோரைப் பார்த்து ஒரு "ம்" கொட்டுவார்கள். அந்த "ம்"முக்குப் பயந்தே நாங்கள் ஒரு சந்ததி டாக்டர்களையும் எஞ்சினியர்களையும் உண்டாக்கினோம்.

என் வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகள் இரண்டு பேர், இரண்டும் பெண்கள். ஒருத்தி சென்னை. தகப்பனுக்குக் கம்ப்யூட்டர் வேலை. பெற்றோர் சந்திப்பில் அவளுடைய தாயிடம், உங்கள் மகள்தான் முதலாம் பிள்ளை என்று பெருமையாகச் சொன்னேன். "இல்ல மேடம், இவ ரெண்டாவது. பெரியவன் காலேஜ் படிக்கிறான்" என்றார். பிறகு, நான் பேசுவது மலையாளமா என்றும் மரியாதையாகக் கேட்டார். ஒரே மொழிக்காரர் இரண்டு பேர் ஆங்கிலத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டோம்.

மற்றவள் யாழ்ப்பாணம். தகப்பனும் மகளும் வெக்ஸ்போர்டில் ஒரு தொடர்மாடியில் இருந்தார்கள். அவர் பகலில் அஜக்ஸில் காருக்குப் பாகம் செய்கிற தொழிற்சாலையில் வேலை, பின்னேரத்தில் அலுவலகங்கள் துப்புரவாக்கும் வேலை. ஒருநாள் பஸ் தரிப்பிடத்தில் எங்கள் பிள்ளைகள் சீருடையோடு வரிசையாக நிற்பதைக் கண்டாராம். மகளை இங்கேதான் சேர்ப்பதென்று நின்ற இடத்திலேயே முடிவெடுத்துவிட்டார். தாய் ஊரில். நாலு வருடத்துக்கு முன் ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜென்சிக்காரன் ஒரே தடவையில் இரண்டு பேரைத்தான் கொண்டுபோகலாம் என்றானாம். யார் இரண்டு பேர் என்று அந்த வீட்டில் பெரிய விவாதம் நடந்திருக்காது. சிறு பிள்ளையை நெருப்புக்குள் விட்டுவிட்டு யார் வருவார்கள். தாயைப் பிறகு ஸ்பொன்சரில் எடுக்கலாம் என்று நினைத்தார்கள். அந்தப் பிறகு வருடக்கணக்கில் இழுபட்டது.

செப்டெம்பரில் அவள் கணக்கில் கெட்டிக்காரி. மற்றவர்கள் எழுதி முடிக்குமுன் முடித்துவிட்டு யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டிருப்பாள். இவள் தவணை முடிவில் மூன்றாவது நான்காவதாக வரக்கூடும் என்று மனதுக்குள் குறித்து வைத்தேன்.

அது தொண்ணூற்றைந்தாம் ஆண்டு. ஒக்டோபர் முடிகிற நேரம் யாழ்ப்பாணம் முழுவதும் வீடுகளைப் பூட்டிக்கொண்டு வெளிக்கிட்டது. இராணுவம் வருகிறது என்று அத்தனை சனமும் மழைக்குள் ஒரே பாலத்தால் நடந்த கதை எல்லோருக்கும் தெரியும். ரொறன்ரோவில் நாங்கள் ரேடியோவைச் சுற்றி இருந்தோம். யார் எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது. என் தங்கையின் குடும்பமும் அந்தச் சனத்துக்குள்தான். அந்தப் பிள்ளையின் தாயும் அதற்குள்தான்.

அவள் எழுதுவதை நிறுத்தினாள். அழவில்லை, குழப்படி செய்யவில்லை. கொப்பியில் திகதி போடுவாள், ஓரக்கோடு கீறுவாள், பேனையை மூடி வைத்துவிட்டு இருப்பாள். மறித்து வைத்துக் கேட்டேன்.

"மிஸ், நீங்கள் சொல்லேக்க விளங்குது. ஆனா மைண்ட்ல நிக்குதில்லை" என்றாள்.

"எனக்கும் தங்கச்சி அங்கதான் பிள்ளை. நான் வந்து படிப்பிக்கிறன்தானே" என்றேன்.

"நீங்கள் பெரிய ஆள் மிஸ்" என்றாள். குறும்பாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். வெறும் பக்கத்துக்கு என்ன புள்ளி போடுவதோ அதைப் போட்டேன்.

டிசெம்பரில் மண்டபத்தில் பெயர் வாசித்தார்கள். எங்கள் வகுப்பின் முதற்பெயர் சென்னைப் பிள்ளை. கடைசிப் பெயர் இவள். பெயர் வாசிக்கப்படும்போது எழும்பி நிற்க வேண்டும். நேராக நின்றாள். அடுத்த கிழமை தகப்பன் தொழிற்சாலைச் சப்பாத்தோடேயே பாடசாலைக்கு வந்தார். பழைய மாணவர்களின் பெயர் பொறித்த பலகைகள் தொங்கும் நடைவழியில் என்னைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினார்.

"எத்தனையாம் பிள்ளை, ரீச்சர்?"

"கடைசிப் பிள்ளை."

அவர் பலகைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்ப அவள் எனக்குச் சொன்னது சரிதான்" என்றார். பிறகு, "ரீச்சர், அவளின்ர தாய் கதைச்சவ. வன்னியில ஒரு பள்ளிக்கூடத்துக்குள்ள இருக்கிறா" என்றார். அந்தச் செய்தியைச் சொல்லும்போது அவருடைய முகத்தில் கடைசிப் பிள்ளையின் தகப்பன் இல்லை. எனக்கும் சந்தோஷமாக இருந்தது. என் தங்கையின் செய்தியும் அந்த மாதம்தான் கிடைத்தது.

குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குத் தகப்பன் என்னைக் கூப்பிட்டார். ஆடு வாங்கித் தானே சமைத்திருந்தார். மகள் அப்பளம் பொரித்தாள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவர் சுவரில் இருந்த தொலைபேசியில், வெளிநாட்டுக்குக் கதைக்கிற கார்டின் இலக்கங்களை அழுத்தத் தொடங்கினார். தாய் வவுனியா தாண்டி ஒருவழியாகக் கொழும்புக்கு வந்து ஒரு லொட்ஜில் இருந்தார். விசா அலுவல் அங்கேதான் நடந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் எடுப்பதாக ஏற்பாடு.

தொலைவுக்குப் பேசுகிறோம் என்றால் உரக்கப் பேச வேண்டும் என்று எங்கள் ஆட்களுக்கு ஒரு நினைப்பு. அவரும் உரக்கத்தான் பேசினார். "ஓம், சாப்பிட்டனாங்கள். ஓம், ஜாக்கெற் போட்டுத்தான் போறாள். ஓமோம், முதலாம் பிள்ளைதான். வேற ஆர்? உவள்தான்."

அப்பளத்தை என் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்துக்கொண்டிருந்த மகள் தகப்பனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். என் வாய் நிறையச் சோறு. அதை விழுங்குவதற்குள் அவர் ரிசீவரை என்னிடம் நீட்டிவிட்டார். "பிள்ளையின்ர ரீச்சரும் இதிலதான் இருக்கிறா, கதையும்."

"ரீச்சர், வணக்கம்." மெல்லிய குரல், ஒவ்வொரு சொல்லும் கொஞ்சம் பிந்தி வந்தது. "நீங்கள் நல்ல கண்டிப்பெண்டு இவர் சொன்னவர். கண்டிப்பு இருந்தபடியால்தான் பிள்ளை முதலாம் பிள்ளையா வந்திருக்கிறாள். நான் இஞ்ச எல்லாருக்கும் சொல்லியிட்டன். லொட்ஜ்காரருக்கும் சொன்னனான்."

என் வாழ்நாளில் ஒரு பெற்றோரிடமும் புள்ளியைக் கூட்டியோ குறைத்தோ சொன்னதில்லை. அதிபர்மாரோடு இதற்காக முட்டுப்பட்டிருக்கிறேன். "பிள்ளை சுகமா இருக்கிறா, தங்கச்சி. நேரத்துக்குப் பள்ளிக்கூடம் வாறா" என்றேன். அவருக்கு அதுவே போதுமாக இருந்தது. நன்றி ரீச்சர், நன்றி ரீச்சர் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே கார்டு முடிந்தது.

என்னைச் சப்வேக்குக் கொண்டுபோய் விடும்போது காருக்குள் வெடித்தேன்.

"என்ன தம்பி உது? பிள்ளைக்கு முன்னால வச்சுப் பச்சைப் பொய் சொல்லுறியள்."

அவர் சிவப்பு விளக்கில் காரை நிறுத்தினார். "ரீச்சர், மனுசி உயிரோட இருக்கிறாவோ எண்டு தெரியாமல் இருந்தனாங்கள். ஒருநாள் கோல் வந்தது. எடுத்தால் கதைக்கேல்லை. அழுகை மட்டும்தான். எனக்கு என்ன சொல்லுறதெண்டு தெரியேல்லை. பிள்ளை முதலாம் பிள்ளையா வந்திட்டாள் எண்டன். அழுகை நிண்டிட்டுது." அவர் கண்ணைத் துடைக்கவில்லை. துடைப்பானைப் போட்டு முன்கண்ணாடியின் பனியைத் துடைத்தார். "அதுக்குப் பிறகு எப்ப எடுத்தாலும் முதல் கேள்வி உதுதான்."

"எப்ப உண்மையைச் சொல்லப் போறியள்?"

"வரட்டும் ரீச்சர். வந்து சேரட்டும். சொல்லுவம்."

எனக்குக் கோபம் குறையவில்லை. ஆனால் அவரைத் திட்டவும் மனம் வரவில்லை. அது இன்னும் கோபமாக வந்தது.

தாயின் குரல் கேட்கத் தொடங்கியபின் பிள்ளை மறுபடி எழுதத் தொடங்கினாள். முதலில் ஒரு கணக்கு, பிறகு பாதிப் பக்கம். மார்ச்சில் பக்கம் நிறைந்தது. நான் பாராட்டவில்லை, அது என் பழக்கமில்லை. சரி போட்டுக் கொடுத்தேன். ஒருநாள் வகுப்பு முடிந்து எல்லோரும் போனபின் மேசையடியில் வந்து நின்றாள்.

"மிஸ், ஜூனுக்குள்ள நான் ஃபேர்ஸ்ட் வரலாமோ?"

ஜூனில் வாசிப்பது முழு வருடத்துக்குமான வரிசை. மூன்று தவணைப் புள்ளிகளையும் கூட்டுவார்கள். இலையுதிர்காலத்து வெறும் பக்கங்கள் எல்லாம் அதற்குள் வரும். இனி எல்லாச் சோதனையிலும் நூறு எடுத்தாலும் முதலாவதாக வர முடியாது.

"வராது" என்றேன். "கடைசியிலயிருந்து மேல வரலாம். முதலாவதா வரேலாது."

"ஓகே" என்றாள். புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "ப்ரைஸ் டேக்கு சுகமில்லை எண்டு வராமல் விட்டால் என்ன செய்வீங்கள்?"

"ஏன் வராமல் விடப்போறாய்?"

"அதுக்கிடையில அம்மா வந்திடுவா, மிஸ். நான் ஸ்டேஜ்ல ஏறுறதைப் பாக்கவேணும் எண்டு ஃபோன்ல சொன்னவ. அப்பா ஓம் எண்டிட்டார்."

பன்னிரண்டு வயதுப் பிள்ளை. தான் சொல்லாத பொய்யைத் தூக்கிக்கொண்டு தினமும் பஸ்ஸிலும் சப்வேயிலும் வந்துபோய்க்கொண்டிருந்தாள். தகப்பன் மீது ஒரு குறையும் சொல்லவில்லை. எனக்கு அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. "சுகமில்லாட்டித்தான் வீட்டில நிக்கலாம். பொய் சொல்லி நிக்கேலாது" என்று மட்டும் சொன்னேன்.

மே மாதம் அதிபரின் அறைக் கதவைத் தட்டினேன். ஒரு பிள்ளை அடியிலிருந்து மேலே வந்துகொண்டிருக்கிறது, முன்னேற்றத்துக்கென்று ஒரு பரிசு கொடுத்தால் என்ன என்று கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கெட்ட மனிதரில்லை. இந்தப் பாடசாலையில் பரிசு முதல் மூவருக்குத்தான், அந்த வழக்கத்தை மாற்றினால் பிறகு பரிசுக்கே மதிப்பிராது, இதை விளங்கிக்கொள்ளக் கூடியவர் யாரும் இருந்தால் அது நீங்கள்தான் என்று நினைத்தேன் என்றார். விளங்கத்தான் செய்தது. அவருடைய கதிரையில் நான் இருந்தால் சொல்லுக்குச் சொல் அதையே சொல்லியிருப்பேன். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

ஜூனில் புள்ளிகளைக் கூட்டி முடித்தபோது அவள் கடைசியிலிருந்து மூன்றாவது. இரண்டு பேரைத் தாண்டியிருந்தாள். வெறும் பக்கங்களோடு தொடங்கிய பிள்ளைக்கு அது மலை ஏறிய மாதிரி. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அது ஒன்றுமேயில்லை.

தாய் வந்து சேர்ந்தது பரிசளிப்புக்கு மூன்று நாள் இருக்கும்போது. நான் தகப்பனுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"சொல்லியிட்டியளோ?"

"எங்க ரீச்சர். வந்ததிலிருந்து நித்திரை. இவள் பள்ளிக்கூடம் போகேக்க நித்திரை, நான் வேலையால வரேக்க நித்திரை. எழும்பினால் பரிசளிப்புக்கு எந்தச் சீலை கட்டுறது எண்டு கேக்கிறா. விழா முடியட்டும், சொல்லுறன்."

"முடிய முன்னம் சொல்லுங்கோ, தம்பி. அந்தப் பிள்ளையை யோசியுங்கோ."

"நாளைக்குச் சொல்லுறன்."

நாளைக்கு என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். நானே பஸ் ஏறிப் போய்ச் சொல்லியிருக்கலாம். இரண்டு தரம் செருப்பைப் போட்டுக் கழற்றினேன். நாலு வருடத்துக்குப் பிறகு ஒன்றுசேர்ந்த வீடு. மூன்றாம் ஆள் நான் எந்த முகத்தோடு உள்ளே போவது.

பரிசளிப்பு நாள் வெக்கை. மண்டபத்தில் குளிரூட்டி இல்லை, அதுவும் பழைய முறைதான். ஆசிரியர்கள் மேடையில் அங்கியோடு வியர்த்துக்கொண்டு இருந்தோம். கீழே முன் வரிசைகளில் பிள்ளைகள், பின்னால் பெற்றோர். அவர்கள் வந்ததை மேடையிலிருந்து கண்டேன். தாய் மெலிந்த, சின்ன மனுசி. கத்தரிப்பூ நிறப் பட்டுச் சேலை. அந்தச் சேலை பாலம் தாண்டி, வன்னி தாண்டி வந்திருக்க வேண்டும். மடிப்பு விழுந்த இடங்களில் வெளிறியிருந்தது. அதற்கு மேல் குளிர்கால ஜாக்கெற். கனடா குளிரும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். தகப்பன் கோட் போட்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததுமே சொல்லவில்லை என்று தெரிந்துவிட்டது.

பிள்ளைகள் ஒத்திகைக்காக அதிகாலையிலேயே வந்துவிட்டார்கள். தலையை இறுக்கிப் பின்ன வேண்டும் என்று அன்றைக்குக் கட்டளை. சென்னைப் பிள்ளையும் இவளும் ஒருத்திக்கொருத்தி இரட்டைப் பின்னல் பின்னிவிட்டதை நானே கண்டேன். இவளுடைய தாய் அன்று கண் விழிக்குமுன் இவள் வீட்டைவிட்டு வந்திருப்பாள். மகளைச் சீருடையில் அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

ஏழாம் வகுப்பு வந்தது. அதிபர் முதற் பெயரை வாசித்தார். அவருடைய ஆங்கில நாக்கில் எந்தத் தமிழ்ப் பெயரும் அடையாளம் தெரியாமல்தான் வெளியே வரும். சென்னைப் பிள்ளை எழும்பிப் படியேறினாள்.

மண்டபத்தின் பின்னாலிருந்து ஒரு சத்தம் கேட்டது. "என்ர குஞ்சு." கத்தரிப்பூச் சேலை எழும்பி நின்றது. அந்தக் கூட்டத்தில் வேறு யாரும் எழும்பவில்லை, அங்கே அப்படி வழக்கமில்லை. தலைக்கு மேலே கையை உயர்த்தித் தட்டினார். கண்ணீர் வழிந்தது, அதைத் துடைக்கவும் இல்லை. முதலாம் பிள்ளை தன் பிள்ளை. இரட்டைப் பின்னலோடு ஒரு கறுத்தப் பிள்ளை மேடை ஏறுகிறது. அவருக்கு அதற்குமேல் என்ன வேண்டும். பக்கத்தில் தகப்பன் கையைப் பிடித்து இருத்தப் போனார், பிறகு விட்டுவிட்டார். குனிந்துகொண்டார்.

மூன்றாம் வரிசையில் அவள் திரும்பிப் பார்த்தாள். தாயின் குரலுக்குத்தான் திரும்பினாள். தாய் அவளுடைய தலைக்கு மேலால் மேடையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டுத் திரும்பி நேராக இருந்தாள். மற்றவர்களோடு சேர்ந்து கை தட்டினாள். மேடையிலிருந்து தாய், தகப்பன், மகள் மூன்று பேரையும் ஒன்றாகப் பார்த்தது நான் ஒருத்திதான். அன்றைக்கு மிச்சப் பெயர்கள் வாசித்தது எதுவும் எனக்குக் கேட்கவில்லை.

விழா முடிந்து நடைவழியில் தேநீர் கொடுத்தார்கள். தாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்து இரண்டு கைகளையும் பிடித்தார்.

"பாத்தனீங்களே ரீச்சர், அவள் படியேறினதை? என்ர தங்கச்சியின்ர நடை. அப்பிடியே உரிச்சு வச்சிருக்கு."

தகப்பன் பின்னால் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குள் பிள்ளை வந்துவிட்டாள். தாய் அவளை இழுத்துத் தன்னோடு அணைத்துக்கொண்டார்.

"எங்க பரிசு? காட்டு பாப்பம்."

பிள்ளையின் கை இரண்டும் வெறுமையாக இருந்தன. அவள் என்னைப் பார்த்தாள். விடை தெரிந்த பிள்ளை, சொல்லட்டுமா என்று கேட்கிற பார்வை அது. நான் தலையசைத்தேன்.

"அது நானில்லை அம்மா. நான் கீழ இருந்தனான்."

தாய் முதலில் சிரித்தார். பகிடி என்று நினைத்திருப்பார். பிறகு கணவரைப் பார்த்தார். அவர் நிமிரவில்லை. பிறகு என்னைப் பார்த்தார். "ரீச்சர்?"

"அது வேற பிள்ளை, தங்கச்சி" என்றேன்.

அடுத்த கேள்விக்கு நான் ஆயத்தமாக நின்றேன். எத்தனையாம் பிள்ளை என்றுதான் கேட்பார், வேறென்ன. டிசெம்பரில் கடைசி, இப்போது கடைசியிலிருந்து மூன்றாவது, அந்த இடைவெளியில் எவ்வளவு இருக்கிறது என்று கரும்பலகையில் போட்டுக் காட்டுகிற மாதிரி எல்லாம் நெஞ்சுக்குள் அடுக்கி வைத்திருந்தேன். அவர் அதைக் கேட்கவில்லை. மகளின் பக்கம் திரும்பினார்.

"நான் எழும்பி நிண்டு கை தட்டினதைக் கண்டனீயோ?"

"கண்டனான்."

"பிறகேன் என்னைக் கூப்பிடேல்லை?"

"நீங்கள் சந்தோஷமா நிண்டனீங்கள்" என்றாள் பிள்ளை.

நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன். சுவரில் பழைய முதலாம் பிள்ளைகளின் பெயர்கள் பொன் எழுத்தில் இருந்தன. ஒன்றையும் வாசிக்க முடியவில்லை. பின்னால் தகப்பன் ஏதோ சொல்லத் தொடங்கினார். "நீங்கள் சும்மா இருங்கோ" என்றார் தாய். கோபக் குரலில்லை. அவரோடு பிறகு பேசலாம் என்ற மாதிரி.

"எந்தக் கதிரையில இருந்தனீ?"

"தேர்ட் ரோ. மூண்டாவது வரிசை."

"வா, காட்டு."

இரண்டு பேரும் மண்டபத்துக்குள் போனார்கள். நான் போயிருக்கத் தேவையில்லை, ஆனால் நிற்க முடியவில்லை, பின்னால் போய்க் கதவடியில் நின்றேன். மண்டபம் வெறுமையாகக் கிடந்தது. கதிரைகளை இன்னும் அடுக்கவில்லை. மகள் மூன்றாம் வரிசைக்குள் நுழைந்து ஒரு கதிரையைத் தொட்டுக் காட்டினாள். "அதில இரு" என்றார் தாய். அவள் இருந்தாள். தாய் ஜாக்கெற்றைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு, வரிசைகளுக்கு நடுவால் பின்னுக்கு நடந்தார். முன்பு தான் இருந்த இடத்தைத் தேடிப் பிடித்தார். அங்கே எழும்பி நின்றது போலவே நின்றார்.

பிள்ளை திரும்பிப் பார்க்கப் போனாள்.

"திரும்பாதை. அப்பிடியே இரு."

அவள் மேடையைப் பார்த்தபடி நேராக இருந்தாள். தாய்க்குத் தெரிந்திருக்கக்கூடியது இரண்டு பின்னலும் ஒரு கழுத்தும்தான். அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஓம்" என்றார் பிறகு, அந்த வெறும் மண்டபத்தில். "இப்ப தெரியுது."